காய்களின் விலை

சசூரின் மொழியியல் பாடங்கள் 1916இல் நூலாக வந்த நாளிலிருந்து சதுரங்கம் அமைப்பியல்காரர்களின் செல்ல உதாரணம். குதிரை என்பது மரத்துண்டு அல்ல, மற்றக் காய்களோடு அதற்குள்ள உறவுதான் அதன் மதிப்பு. சரி. ஆனால் விதிகள் ஆட்டத்துக்கு முன்பே இருக்கின்றன, எந்த நகர்த்தலும் அவற்றை அசைப்பதில்லை என்று அவர் வைத்துக்கொண்டார் பாருங்கள், அங்கேதான் எனக்கு உதைக்கிறது. விதிக்கும் வரலாறு உண்டு.

ஆட்டம் பழகுகிறவனுக்கு முதலில் ஒப்பிக்கச் சொல்லும் கணக்கு: சிப்பாய் 1, குதிரை 3, மந்திரி 3, யானை 5, ராணி 9. ஏதோ வாய்ப்பாடு மாதிரி. 18ஆம் நூற்றாண்டில், இத்தாலியின் மொதெனா நகர ஆட்டக்காரர்களிடம் உருவான கணக்கு இது. அப்பாஸியர் காலத்து ஷத்ரஞ்ச் வல்லுநர்களோ காய்களை வெள்ளிக்காசில் மதிப்பிட்டார்கள். நாம் யானை என்கிற மூலைக் காய் 1 திர்ஹம். குதிரை அதில் மூன்றில் இரண்டு. இன்று ராணி நிற்கும் இடத்தில் நின்ற அமைச்சன் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான். மூலைவாட்டில் ஒரே கட்டம், அவ்வளவே அவன் நடை. (நம்மூரில் மந்திரி என்ற பெயர் பக்கத்துக் காய்க்குப் போய்விட்டது. அன்றைக்கு அங்கே நின்றது யானை! பெயர்கள் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன.)

அங்கே அலகு வலிமையான காய், மற்றவை அதன் பின்னங்கள். இங்கே அலகு சிப்பாய், மற்றவை அதன் மடங்குகள். ராஜாவுக்கு இரண்டு பட்டியலிலும் விலை கிடையாது.

அமைச்சன் ராணியான கதை இன்னும் சிக்கலானது. 1475 வாக்கில் வலென்சியாவில் மூன்று கவிஞர்கள் சேர்ந்து எழுதிய ஒரு காதல் செய்யுளில்தான் புதிய ராணியின் நெடிய நடை முதலில் காணக்கிடைக்கிறது. காஸ்டிலின் இசபெல்லா 1474இல் அரியணை ஏறியதோடு இதை முடிச்சுப்போடுகிறவர்கள் உண்டு. மர்லின் யாலோம் 2004இல் இதுபற்றி ஒரு நூலே எழுதினார். என்னால் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. ராணி என்ற பெயர் ஐரோப்பாவில் அந்தக் காய்க்கு 10ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வந்துவிட்டது. பிறகு கிட்டத்தட்ட ஐந்நூறு வருஷம் பெரும்பாலும் அவள் ஒற்றைக் கட்டமே நகர்ந்துகொண்டிருந்தாள். பட்டம் வேறு, நடை வேறு. நடை கிடைத்ததும் என்ன ஆயிற்று? இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் புதிய ஆட்டத்துக்கு வெறிபிடித்த ராணியின் ஆட்டம் என்று பேர் வைத்தார்கள். அமைச்சனுக்கு அந்த நடையைக் கொடுத்திருந்தால் வெறி என்று சொல்லியிருப்பார்களா?

இதில் அதிகம் பேசப்படாதது சிப்பாய். பழைய ஆட்டத்தில் எட்டாம் கட்டத்தை எட்டினாலும் அவனுக்கு வாய்த்தது அந்த நொண்டி அமைச்சன் பதவிதான். ராணி வலுப்பெற்றதும், தன் நடையில் எந்த மாற்றமும் இல்லாமலே சிப்பாயின் விலையும் ஏறிவிட்டது.

இதன் மறுதிசையை 2020இல் பார்க்க முடிந்தது. முன்னாள் உலக சாம்பியன் கிராம்னிக்கும் டீப்மைண்ட் ஆய்வாளர்களும் விதிகளை மாற்றி மாற்றி ஆல்ஃபாசீரோ என்ற கணினி நிரலை ஆடவிட்டு, காய்களின் விலையைக் கணக்கிட்டார்கள். வழக்கமான ஆட்டத்தில் ராணி 9.5 சிப்பாய். சிப்பாய் பக்கவாட்டிலும் ஒரு கட்டம் நகரலாம் என்று விதியைத் தளர்த்தியபோது அதே ராணி சுமார் 6 சிப்பாய்க்கு இறங்கிவிட்டாள். அவளுடைய நடையில் யாரும் கை வைக்கவில்லை.