இழந்த தூணும் இணைந்த சட்டகமும்

செட்டிகுளத்து மண்வீட்டில் கப்பொன்று உக்கினால், வளையும் கட்டுகளுமே கூரையைத் தாங்குவதை நாம் அறிவோம். உருக்குச் சட்டகத்துக்கும் இவ்விதி பொருந்தும். தூணொன்று திடீரென அற்றுப்போகையில், மேலுள்ள வளைகள் தொய்ந்து, இழுபட்ட கயிறுபோலச் சுமையை அயல் தூண்களுக்குக் கடத்துகின்றன. பொருத்துகள் அவ்விழுவையைத் தாங்காவிடின் சரிவு தொடரும்.

பிணைப்பின் இன்றியமையாமையை உலகுக்கு உணர்த்தியது உருக்குக் கட்டடமன்று. 1968 மே 16 அன்று கிழக்கு இலண்டனில், ரோனன் பொயின்ற் என்னும் 22 மாடிக் குடியிருப்பின் 18ஆம் மாடியில் எரிவாயு வெடித்தது. கொங்கிறீற்றுப் பலகைகளின் இணைப்பு வலுவற்றிருந்தமையால் ஒரு மூலை முழுவதும் சரிந்தது, நால்வர் மாண்டனர். அதன் பின்னரே பிரித்தானியக் கட்டட விதிகள் 1970இல் திருத்தப்பட்டன. உருக்கு வளைகளையும் தூண்களையும் இழுவை தாங்குமாறு பிணைக்கும் நெறியும் அவ்வழி வந்ததே.

மலிவும் விரைவும் கருதிப் பிணைப்பைக் குறைப்போர், அதன் விலையை அங்கு வாழும் எளிய மக்கள்மீதே சுமத்துகின்றனர் என்பதே இவ்வரலாற்றில் நாம் காணும் உண்மையாகும்.