ஆட்டிசப் பிள்ளைகளும் முகம் பார்த்து மனம் அறிவதும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து அத்தா சோர்ந்து வீடு திரும்புகிறார். முகத்தைப் பார்த்ததுமே மகள் தண்ணீர் கொண்டு வருகிறாள். பதினைந்து வயது மகனோ தனக்குப் பிடித்த ரயில்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறான். "இரக்கமில்லாத பிள்ளை" என்று உறவினர்கள் சொல்லிவிடுகிறார்கள். அவனுக்கு ஆட்டிசம் இருந்தால் அது பெரும் அநியாயம். அத்தா களைத்திருப்பது அவனுக்கு முகத்திலிருந்து தெரியவில்லை, அவ்வளவுதான். தெரிந்தால் அவனும் வருந்துவான்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

2002-ல் அமெரிக்காவில் அமி கிளின் குழுவினர், ஆட்டிசம் உள்ள வளரிளம் பருவத்தினருக்கும் இளைஞர்களுக்கும் ஒரு திரைப்படத்தைக் காட்டி, அவர்களின் பார்வை செல்லும் இடத்தைக் கருவியால் பதிவு செய்தனர். மற்றவர்களைவிட அவர்கள் கண்களைக் குறைவாகவும் வாயை அதிகமாகவும் பார்த்தனர். கண்ணோடு கண் பார்ப்பதே வேதனையாக இருக்கிறது என்று ஆட்டிசம் உள்ள பலர் கூறுகின்றனர்.

சிரிப்பைப் பெரும்பாலும் எளிதில் அறிந்துகொள்கிறார்கள். பயம், லேசான கோபம், மறைத்துவைத்த வருத்தம் ஆகியவைதான் கடினம். எல்லோருக்கும் இது ஒரே அளவில் இருப்பதில்லை. தன் உணர்வையே இன்னதென்று சொல்லத் தெரியாத நிலைதான் இதற்கு முக்கியக் காரணம் என்று 2013-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆட்டிசம் உள்ளவரின் மனதை மற்றவர்களும் சரியாகப் புரிந்துகொள்வதில்லை என்பதை 2012-ல் டேமியன் மில்டன் சுட்டிக்காட்டினார். அவரும் ஆட்டிசம் உள்ளவரே.

வீட்டில் செய்ய வேண்டியவை

• முகத்தைச் சுளித்துக் காட்டாமல், "அத்தாவுக்குக் களைப்பா இருக்கு, அரை மணி நேரம் கழிச்சுப் பேசலாம்" என்று வாயால் சொல்லுங்கள்.
• "என் கண்ணைப் பார்த்துப் பேசு" என்று வற்புறுத்தாதீர்கள்.
• அவன் உணர்வுக்கும் பெயர் சொல்லிக் கொடுங்கள்.
• வெளியாட்கள் சிரித்துப் பேசி ஏமாற்றக்கூடும். பணம், செல்போன் கேட்டால் உங்களிடம் சொல்லும்படி பழக்குங்கள்.

உதவி எங்கே?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் அங்கீகரிக்கிறது. சான்றிதழ், அடையாள அட்டை பற்றித் திருவள்ளூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் மத்திய அரசின் நிப்மெட் நிறுவனத்தில் பரிசோதனையும் பயிற்சியும் உண்டு. நேஷனல் டிரஸ்டின் நிராமயா திட்டம் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு தருகிறது. 18 வயதுக்குப் பிறகு சட்டப்படி பாதுகாவலர் தேவைப்பட்டால், 1999-ஆம் ஆண்டின் நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி அமைந்த மாவட்டக் குழுவிடம் விண்ணப்பிக்கலாம்.