ஐநூறு மீட்டர்

சும்மா பார்த்தால் அது கண்ணுக்குத் தெரியாது. நாற்கரச் சாலையின் ஓரத்தில் நாடாவின் ஒரு முனையைப் பிடித்து, மறுமுனையை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் நடக்க வேண்டும். கோவில்பட்டிக் கரிசலில், மழை விட்ட மறுநாள் நடந்து பாருங்கள். பாதி தூரத்திலேயே செருப்பு கல்லாய்க் கனக்கும்.

பிறக்கும்போது அதற்கு எண் கிடையாது. 2004 ஜனவரியில் தேசிய சாலைப் பாதுகாப்புக் கவுன்சில், தேசிய நெடுஞ்சாலை ஓரம் மதுக்கடைக்கு உரிமம் தரக்கூடாது என்று முடிவெடுத்தது. ஓரம் என்றால் எத்தனை அடி? அதற்குக் கணக்கு இல்லை. வழக்கறிஞர் கே. பாலு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு தில்லி வரை நீண்டு, 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றத்தில் அந்தத் தூரத்துக்கு '500' என்ற பெயர் சூட்டப்பட்டது.

பிள்ளை நிமிர்வதற்குள் தேய ஆரம்பித்தது. 2017 மார்ச் 31 அன்று, இருபதாயிரம் பேர் வரை வசிக்கும் ஊர்களுக்கு 220 போதும் என்றார்கள். சுமார் 95,000 பேர் இருந்த கோவில்பட்டிக்கு 500. பக்கத்துப் பட்டிக்கு 220. குடித்தவன் ஓட்டுவதோ ஒரே சாலையில்! மறுநாள் தமிழகத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. மாற்றிடம் தேடி அவை குடியிருப்புகளுக்குள் நுழைந்தபோது, மறித்து உட்கார்ந்தது பெண்கள்தான். ஜூலை 11-ல், நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடையே இல்லை என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 500, 220, 0. ஏழு மாதம்கூட முடியவில்லை.

கடையை அளந்தார்கள், வண்டி ஓட்டுகிறவனை அளக்கவில்லை. அதுதான் எனக்குள்ள குறை. முன்பு நடந்தே கடைக்குப் போனவன், கடை தள்ளிப்போனால் பைக்கை எடுப்பான். திரும்பும்போதும் அதே பைக்தான்.

ஓட்டுகிறவனை அளந்து பார்த்த ஓர் ஆய்வு ராஜஸ்தானில் நடந்தது. அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் அந்த மாநிலக் காவல்துறையோடு சேர்ந்து, சில காவல் நிலைய எல்லைகளில் ஒரே இடத்திலும், வேறு சிலவற்றில் இடம் மாற்றி மாற்றியும் இரவுச் சோதனை வைத்தார்கள். இடம் மாறிய எல்லைகளில் இரவு விபத்துகள் 17 சதவீதமும் இரவுச் சாவுகள் 25 சதவீதமும் குறைந்தன. ஒரே இடத்தில் நின்ற சோதனையால் சொல்லும்படியான பலன் இல்லை.

நம் ஊர்க்காரருக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. தினமும் ஒரே முக்கில் "ஊதுங்க" என்றால், மூன்றாம் நாளே வண்டி உடைமரக் காட்டு வண்டிப்பாதையில் இறங்கிவிடும். இன்று எட்டயபுரம் ரோடு, நாளை கழுகுமலை ரோடு என்று ஜீப் மாறி நின்றால்தான் அவனுக்கு யோசனை வரும். 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின் முதல்முறை அபராதமே 10,000 ரூபாய். தீப்பெட்டி ஆபீசில் ஒரு மாதம் முழுக்க வேலை பார்த்தாலும் சிலருக்கு அவ்வளவு கைக்கு வராது.

ராஜஸ்தானில் இன்னொன்றும் தெரிந்தது. நிலையத்துக் காவலர்களைவிட, ரிசர்வ் லைனிலிருந்து வந்த தனிக்குழுவினர்தான் சொன்ன இடத்துக்குச் சொன்னபடி போனார்கள். அவர்கள் வண்டியில் ஜிபிஎஸ் இருந்தது.