படக்குழாயும் ஒளித்துப்பாக்கியும்: ஊவாத் தோட்டங்களில் டிவியின் காலம்

இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் ஐ.டி.என். ஒளிபரப்புடன் தொடங்கியது. 1982 பெப்ரவரி 15இல் ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினி வந்தது. அதன் முதன்மைக் கோபுரம் 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகலையில் நின்றது. ஊவாவின் பதுளை அந்த மலைக்குக் கிழக்கே, பள்ளத்தாக்கில் கிடக்கும் ஊர். மலைச்சரிவின் எந்தப் பக்கம் என்பதே ஒரு வீட்டுக்குப் படம் தெளிவாக வருமா என்பதைத் தீர்மானித்தது. ஒரே தோட்டத்தில் மேல் லயத்துக்கு, அதாவது மேலேயுள்ள தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, படம் விழும்; கீழ் லயத்தில் மணல் தூவியதுபோலத் திரை கொதிக்கும். இதனால் ஊவாவில் டிவி திருத்தும் தொழில் பெட்டிக்குள் தொடங்கவில்லை. அன்டெனாக் கம்பத்தை எந்த முகட்டில் நாட்டுவது, எந்தப் பக்கம் திருப்புவது என்பதில்தான் தொடங்கியது.

அடுத்த சிக்கல் மின்சாரம். தேயிலைத் தொழிற்சாலைகளில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நீர்ச்சுழலிகள் ஓடின. ஆனால் அந்த மின்சாரம் பெரும்பாலும் தொழிற்சாலையோடும் துரை பங்களாவோடும் நின்றுவிட்டது. லயக் காம்பராக்களுக்கு அது வந்து சேரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அதுவரை மின்சாரம் எட்டாத இலங்கைக் கிராமங்களைப் போலவே தோட்டங்களிலும் கறுப்பு வெள்ளை டிவி 12 வோல்ட் கார் பெட்டரியில் ஓடியது. பெட்டரி தீர்ந்தால் டவுனுக்குச் சுமந்துபோய்ச் சார்ஜ் ஏற்ற வேண்டும். வோல்டேஜ் விழ விழப் படம் நாலு பக்கமும் சுருங்கி, பிறகு உருளத் தொடங்கும். மின்கம்பி வந்த லயங்களிலும் மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்ததும் இதே சுருக்கம் தெரிந்தது. அதனால் ஸ்டெபிலைசரும் டிவியோடு சேர்ந்தே வாங்கப்பட்டது.

1977க்குப் பிந்திய திறந்த பொருளாதாரத்தில் இறக்குமதிப் பெட்டிகள் பெருகின. வெளிநாட்டு வேலைக்குப் போன பெண்களின் உழைப்பாலும் பெட்டிகள் வீட்டுக்கு வந்தன. வால்வு ரேடியோவிலும் டிரான்சிஸ்டரிலும் கைபழகிய மெக்கானிக்குகள் டிவிக்கு மாறினர். 1983 ஜூலைக் கலவரத்தில் பதுளை பஜாரின் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. அந்த நகரத்தின் எந்தத் தொழிலின் வரலாற்றிலும் இந்த ஆண்டைத் தாண்டிப் போக முடியாது.

1990களில் மலிவான டிவி கேம் பெட்டிகள் கடைகளுக்கு வந்தன. அவை நின்டென்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகொம் இயந்திரத்தின் நகல்கள். பல பெட்டிகளுக்கு இரண்டு கைப்பிடிகளுடன் ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியும் வரும். 1984இல் வெளியான டக் ஹன்ட், அதாவது பறக்கும் வாத்துகளைச் சுடும் ஆட்டம், அந்தத் துப்பாக்கிக்காகவே எழுதப்பட்டது. துப்பாக்கி எதையும் திரைக்கு அனுப்புவதில்லை. திரையைப் பார்க்க மட்டுமே செய்கிறது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் மின்னும். குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி முதலில் இருட்டையும் பிறகு வெளிச்சத்தையும் கண்டால் வாத்து விழும், இல்லாவிட்டால் பறந்துவிடும்.

இது படக்குழாயின் இயல்பை நம்பிய ஏற்பாடு. குழாயின் பின்னாலிருந்து வரும் எலக்ட்ரான் கற்றை திரையை வரிவரியாகத் தீட்டுகிறது. இலங்கை கைக்கொண்ட பால் (PAL) என்ற டிவி முறையில் வினாடிக்கு 15,625 வரிகள். வெள்ளைச் சதுரத்தின் ஒவ்வொரு வரியிலும் பாஸ்பர் பளிச்சிட்டு மங்குவதால், துப்பாக்கிக்குக் கிடைப்பது அந்த வேகத்தில் துடிக்கும் ஒளி. நின்டென்டோவின் துப்பாக்கியில் அந்தத் துடிப்பை மட்டும் பொறுக்கும் வடிகட்டி இருந்தது. டியூப்லைட் வினாடிக்கு 100 தடவைதான் துடிக்கும் என்பதால் அதனால் துப்பாக்கியை ஏமாற்ற முடியாது. 1972இன் மக்னவொக்ஸ் ஒடிசியில் இந்தப் பாதுகாப்பு இல்லை. அதன் துப்பாக்கியை எரியும் பல்புக்கு நேரே பிடித்தாலே புள்ளி விழும்.

துப்பாக்கி வேலை செய்யவில்லை என்று பெட்டி மேசைக்கு வந்தால், பழுதைத் துப்பாக்கியில் தேடுவதற்கு முன் திரையைப் பார்ப்பதே முறை. வயதான படக்குழாயில் வெளிச்சம் குறையும். கண்ணுக்குப் படம் போதுமானதாகத் தெரியும், உணரிக்குப் போதாது. வெளிச்சத்தையும் கொன்ட்ராஸ்டையும் ஏற்றிப் பார்த்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும். அடுத்தது குழலின் முனையிலுள்ள வில்லை. அப்புத்தளை, வெலிமடைப் பக்கத்து மூடுபனியில் ஈரம் உள்ளே புகுந்து வில்லையில் பூஞ்சணம் கட்டும். பிறகு கைப்பிடிக்கு அருகே மடிந்து மடிந்து அறும் வயர், தேய்ந்த விசைச் சுவிட்ச். இவை எல்லாம் ஈயப்பற்றுக் கோலோடு முடியும் வேலைகள். விளையாட்டுப் பெட்டியின் மூளை மட்டும் பலகையில் ஒட்டிய கருந்துளிக்குள் மூடிக் கிடந்தால் அதற்கு மருந்தில்லை. டிவியைத் திறக்கும்போது இன்னொரு எச்சரிக்கை: கலர் குழாயின் ஆனோடில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏறும், சுவிட்சை அணைத்த பிறகும் அங்கே தங்கியிருக்கும்.

சில நகல் பெட்டிகள் அமெரிக்க முறைக்கு, 60 ஹெர்ட்ஸுக்கு, செய்யப்பட்டவை. பால் டிவியில் அவை நிறமில்லாமல் உருளும். பழைய பெட்டிகளின் பின்னாலிருக்கும் வி-ஹோல்ட் குமிழைத் திருகினால் படம் நிற்கும், நிறம் வராது. ஆனாலும் துப்பாக்கி சரியாகச் சுடும், ஏனெனில் அந்த முறையின் வரிவேகமான 15,734 இங்குள்ளதிலிருந்து ஒரு சதவீதம்கூட விலகவில்லை, உணரிக்கு நிறமும் தேவையில்லை. பெட்டரியில் ஓடிய கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கும் இதே காரணத்தால் வாத்துகள் விழுந்தன.

ஒளித்துப்பாக்கியில் இன்னொரு வகை உண்டு. கற்றை தன் பார்வையைக் கடக்கும் நொடியை அளந்து, திரையில் எந்த இடம் என்று கணக்கிடும் வகை அது. நாம்கோ 1997இல் பிளேஸ்டேஷனுக்கு விற்ற துப்பாக்கி இப்படித்தான் இயங்கியது. அதற்கு வீடியோ வயரிலிருந்து ஒத்திசைவுச் சைகையும் வேண்டும். வோல்டேஜ் விழுந்து படம் சுருங்கினால் குறி விலகும். மறுபடி அளவு பார்க்க வேண்டும். விளையாட்டுக் கூடங்களின் பெரிய இயந்திரங்களில் வேறு பொறிகள் இருந்தன. சிலவற்றில் இருப்பது ஒளித்துப்பாக்கியே அல்ல. தாங்கியில் திரும்பும்போது மின்தடை மாறும் குமிழ்கள்தான் குறியைச் சொல்கின்றன. அவற்றில் உணரியைத் தேடுவது வீண்வேலை. 1994இன் வெர்ச்சுவா கொப் 24 கிலோஹெர்ட்ஸ் மொனிட்டருக்கு உரியது. சாதாரண 15 கிலோஹெர்ட்ஸ் குழாயில் படமே குலையும்.

இத்தனை குறைகளோடும் ஓடிய துப்பாக்கியை நிறுத்தியது தட்டைத் திரை. அதற்கு முன்பே 100 ஹெர்ட்ஸ் படக்குழாய் டிவிகள் படத்தை நினைவகத்தில் வாங்கி, வேகத்தை மாற்றிக் காட்டித் துப்பாக்கியைக் குழப்பியிருந்தன. எல்.சி.டி. திரையில் கற்றையும் இல்லை, வரிதோறும் துடிப்பும் இல்லை. படமும் சில பத்து மில்லிவினாடி தாமதித்தே வரும். அதற்குள் பெட்டி எதிர்பார்த்த கணம் கடந்துவிடும். எந்தப் பாகத்தை மாற்றியும் இதைத் திருத்த முடியாது. 2010களில் தோட்டங்களிலும் படக்குழாய் டிவிகள் ஒதுக்கப்பட, ஃபிளைபேக் டிரான்ஸ்போமரை மாற்றியும் உலர்ந்த கெபாசிட்டரைக் கழற்றியும் நடந்த கடைகள் கைத்தொலைபேசித் திருத்தத்துக்கும் டிஷ் அன்டெனா பொருத்தவும் நகர்ந்தன. இன்று கேமரா பொருத்திய புதிய துப்பாக்கிகள் திரையோரத்து வெள்ளைச் சட்டத்தைப் பார்த்துக் குறியைக் கணக்கிடுகின்றன. அவற்றுக்குக் கணினி வேண்டும். பழைய டிவி கேம் பெட்டியில் அவற்றை நேரடியாகச் செருக முடியாது.