முள்கரண்டி பதித்த கட்டம்: பீனட் பட்டர் குக்கி உருவான வரலாறு

அமெரிக்காவில் ஜூன் 12ஆம் தேதியை பீனட் பட்டர் குக்கி நாளாகக் கொண்டாடுகிறார்கள். அதையொட்டி வரும் கட்டுரைகளில் பெரும்பாலும் ஒரு கதை தவறாமல் இடம்பெறும்: ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்ற கறுப்பின அறிவியலாளர் பீனட் பட்டரைக் கண்டுபிடித்தார், அதை வைத்துக் குக்கியும் செய்து காட்டினார். இதில் முதல் பாதி தவறு. இரண்டாம் பாதியில் உண்மை உண்டு. ஆனால் கார்வர் எழுதி வைத்த குக்கி வேறு, இன்று கொண்டாடப்படும் குக்கி வேறு. கார்வரின் குக்கியில் நிலக்கடலை பொடித்தோ நறுக்கியோ மாவில் சேர்ந்த பருப்பு. இன்றைய குக்கியில் அது மாவையே கட்டிப் பிடிக்கும் கொழுப்பு. அந்த மாற்றத்துக்கு வெளிப்படையான அடையாளம், குக்கியின் மேல் முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்கும் அழுத்திப் பதிக்கும் கட்டம். அச்சில் அது தோன்றும் காலம் 1930களின் தொடக்கம். அதற்குள் நிலக்கடலை அடிமையின் உணவாகவும், ஆரோக்கிய நிலையப் பத்தியமாகவும், நடுத்தர வீட்டு ஜாடியாகவும் மூன்று முறை வேடம் மாறிவிட்டது.

மண்ணுக்குள் காய்க்கும் செடி

நிலக்கடலையின் தாயகம் தென் அமெரிக்கா. அராகிஸ் டுரானென்சிஸ், அராகிஸ் இபாயென்சிஸ் என்ற இரண்டு காட்டுச் செடிகள் கலந்து பிறந்தது இது. கலப்பு நடந்த இடம் தென் பொலிவியாவையும் வடமேற்கு அர்ஜென்டினாவையும் ஒட்டிய பகுதி. 2016இல் இவ்விரு செடிகளின் மரபணுத் தொகுதியும் வெளியானபோது, கலப்புக்குச் சுமார் 10,000 ஆண்டு வயது இருக்கலாம் என்று தெரிய வந்தது. மனிதர்கள் கையோடு எடுத்துச் சென்ற விதைதான் இரண்டையும் ஓரிடத்தில் சேர்த்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பெரு நாட்டின் வடக்கே நான்சோக் பள்ளத்தாக்கில் கிடைத்த கடலை ஓடுகளின் வயது சுமார் 8,500 ஆண்டு. அங்கே காட்டு இனம் எதுவும் இல்லை. ஆக, அவ்வளவு முன்பே இது கைமாறிப் பயணம் செய்த பயிர்.

பெருவிலேயே சிப்பான் என்னுமிடத்தில் 1987இல் வால்டர் ஆல்வா தலைமையில் தோண்டப்பட்ட, மோச்சே நாகரிகத்தைச் சேர்ந்த ஆட்சியாளர் ஒருவரின் கல்லறையில் ஒரு கழுத்தணி கிடைத்தது. அதன் மணிகள் கடலைக்காய்கள்: ஒரு பக்கம் தங்கத்தில், மறு பக்கம் வெள்ளியில். ஓட்டின் மேலுள்ள வரிவரியான மேடுகளைக்கூட விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். பிற்காலத்தில் பன்றித் தீனி என்று ஒதுக்கப்பட்ட காய், அங்கே ஓர் அரசனின் மார்பில் கிடந்தது.

செடியின் இயல்பு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பின்னால் வரும் பொருளாதாரக் கதைக்கு அது அவசியம். மஞ்சள் பூ காலையில் மலர்ந்து அன்றே வாடிவிடும். கருவுற்ற பூவின் அடியிலிருந்து ஊசி போன்ற விழுது ஒன்று கீழ்நோக்கி நீண்டு மண்ணைத் துளைத்து இறங்கும். மண்ணுக்குள் போன பிறகுதான் நுனி திரண்டு காயாகும். இறங்கும் இடத்தில் மண் இறுகிக் கிடந்தால் விழுது தோற்றுவிடும். நம் கடலைக்காட்டில் ஜிப்சம் இட்டு மண் அணைப்பதும் இதை முன்னிட்டுத்தான். ஆகவே இது பொலபொலவென்ற மணல் கலந்த மண்ணைத் தேடும் பயிர். வேரிலுள்ள முடிச்சுகள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து வைப்பதால், வேறு பயிர் உறிஞ்சிச் சக்கையாக்கிய நிலத்திலும் தாக்குப் பிடிக்கும்.

செக்கும் உரலும்

16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இதைப் பிரேசிலிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு சென்றனர். ஸ்பானியக் கப்பல்கள் பசிபிக் கடல் வழியாகப் பிலிப்பைன்ஸுக்குக் கொண்டு சேர்த்தன. மேற்கு ஆப்பிரிக்கர்களுக்கு மண்ணுக்குள் காய்க்கும் பயறு புதிதல்ல. பம்பாரா பயறு அவர்களிடம் முன்பே இருந்தது. அதனால் புது வரவை அரைத்துக் குழம்பில் கரைக்கும் பக்குவம் சீக்கிரமே கைவந்தது. அடிமைக் கப்பல்களில் உணவாக ஏறிய கடலை, அவர்களோடு வட அமெரிக்காவின் தென் பகுதிக்குப் போனது. அங்கே அடிமைகள் தங்கள் சிறு தோட்டங்களில் அதை விளைவித்தார்கள். வெள்ளை எசமானர்கள் பன்றிக்குப் போட்டார்கள். 1861-65 உள்நாட்டுப் போரில் ரேஷன் போதாத படைவீரர்கள் பைகளில் கடலையை நிரப்பிக்கொண்டபோதுதான் அந்த இழிவு கொஞ்சம் கரைந்தது. போருக்குப் பின் சர்க்கஸ் கூடாரத்திலும் தெருமுனையிலும் வறுகடலை விற்பனை சூடு பிடித்தது.

இதே 19ஆம் நூற்றாண்டில் மற்ற இடங்களில் கடலைக்கு வாய்த்த கதி வேறு. செனகலிலிருந்தும், நம் தென்னார்க்காட்டு மல்லாட்டையைச் சேகரித்து ஏற்றிய புதுச்சேரியிலிருந்தும் கப்பல் கப்பலாகக் கடலை பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குப் போனது. அங்கே அது எண்ணெயானது, சோப்பானது. அமெரிக்காவில் எண்ணெய்த் தேவையைப் பருத்திக்கொட்டை எண்ணெய் மலிவாகத் தீர்த்து வைத்ததால், கடலையைச் செக்கிலிடும் கட்டாயம் அங்கே குறைவு. உலகின் பெரும்பகுதியில் செக்குக்குப் போன பயிர், அங்கே மட்டும் உரலுக்குப் போனது. பீனட் பட்டர் ஏன் அமெரிக்காவில் தோன்றி வளர்ந்தது என்ற கேள்விக்கு இதுவே பாதி விடை என்பது என் கருத்து. கண்டுபிடித்தவர் யார் என்று தேடுபவர்கள் இந்தப் பருத்திக்கொட்டையைக் கவனிப்பதில்லை.

ஆரோக்கிய நிலையத்திலிருந்து ஜாடிக்கு

அரைத்த கடலை பழைய சங்கதி; தென் அமெரிக்கரும் ஆப்பிரிக்கரும் எப்போதோ அரைத்துவிட்டார்கள். காப்புரிமை ஆவணங்களில் முதலில் வருபவர் மான்ட்ரியலைச் சேர்ந்த மார்செல்லஸ் கில்மோர் எட்சன். 1884இல் அவர் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை, வறுத்து அரைத்த கடலை விழுதில் சர்க்கரை சேர்த்து மிட்டாய் செய்வதைப் பற்றியது. அடுத்தவர் மிச்சிகன் மாநிலம் பேட்டில் கிரீக்கில் ஆரோக்கிய நிலையம் நடத்திய மருத்துவர் ஜான் ஹார்வி கெல்லாக். புலாலை விலக்கிய அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த அவர், நோயாளிகளுக்கு இறைச்சிக்கும் வெண்ணெய்க்கும் மாற்றாக இதைக் கொடுத்தார். அவர் கடலையை வறுக்கவில்லை, வேகவைத்து அரைத்தார். வறுப்பது உடலுக்கு ஆகாது என்பது அவர் எண்ணம். 1895இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இன்று கடையில் வாங்கும் பீனட் பட்டரின் மணம் முழுக்க வறுவலில் இருந்து வருவது. அந்த வகையில் கெல்லாக்கின் பண்டம் இன்றைய நாக்குக்குச் சப்பென்றுதான் இருந்திருக்கும்.

அவரிடம் வேலை பார்த்த ஜோசப் லாம்பர்ட் வீட்டிலேயே அரைக்கும் கை இயந்திரங்களை விற்கத் தொடங்கினார். அவர் மனைவி அல்மீடா லாம்பர்ட் 1899இல் கொட்டைப் பருப்புகளை வைத்துச் சமைப்பது குறித்து ஒரு நூலே வெளியிட்டார். 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் பீனட் பட்டர் விற்பனைக்கு வந்தது. அந்தக் காலத்தில் அது பெருநகரத் தேநீர் விடுதிகளில் சீமாட்டிகள் சிறு சாண்ட்விச்சில் தடவிச் சாப்பிட்ட நாகரிகப் பண்டம். அடிமைக் குடிசையில் தொடங்கிய பொருள், வெள்ளித் தட்டுக்குப் போய்ச் சேர இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. பிறகு விலை இறங்க இறங்க, அது மறுபடி எல்லார் வீட்டுக்கும் வந்தது.

விலை இறங்கியதற்கு ஒரு வண்டுக்கும் பங்கு உண்டு. மெக்சிகோவிலிருந்து 1892 வாக்கில் டெக்சாஸுக்குள் நுழைந்த பருத்திக் காய் வண்டு, ஆண்டுக்கு ஆண்டு கிழக்கே நகர்ந்து, 1915இல் அலபாமா மாநிலத்தின் காஃபி மாவட்டத்தைப் பிடித்தது. பருத்தியை மட்டும் நம்பியிருந்த ஊர் அது. எண்டர்பிரைஸ் நகர வணிகர் எச். எம். செஷன்ஸ் கடலை விதையை வாங்கி வந்து, சி. டபிள்யூ. பாஸ்டன் என்ற விவசாயியை 1916இல் விதைக்க வைத்தார். மணற்பாங்கான மண் ஒத்துழைத்தது. அடுத்த ஆண்டே கடலையில் அந்த மாவட்டம் முன்னணிக்கு வந்தது. 1919 டிசம்பர் 11 அன்று அந்த ஊரார் தங்கள் எதிரியான வண்டுக்கே நன்றி சொல்லி ஒரு நினைவுச் சின்னம் திறந்தார்கள். முதலில் அங்கே நின்றது ஒரு பெண் சிலை மட்டும். அவள் கையில் வண்டு ஏறியது 1949இல்தான்.

கார்வர் இந்தச் சூழலில்தான் பேசினார். 1896 முதல் அலபாமாவின் டஸ்கீகி கல்வி நிலையத்தில் பணியாற்றிய அவருக்குக் கவலை, பருத்தி சத்தை உறிஞ்சிவிட்ட நிலத்தில் குத்தகைக்கு உழுத ஏழைக் கறுப்பினக் குடும்பங்களைப் பற்றியது. கடலையை விளைவிக்கச் சொன்னால் மட்டும் போதாது, விளைந்ததைத் தின்னவும் சொல்லித் தர வேண்டும் என்று 1916இல் ஒரு சிறு வெளியீடு கொண்டுவந்தார்: கடலை விளைவிக்கும் முறையோடு, அதைச் சமைக்க 105 வழிகள். அதில் குக்கிக்கு மூன்று செய்முறைகள். மூன்றிலும் கடலை பொடித்தோ நறுக்கியோதான் சேர்கிறது. அதாவது, வழக்கமான மாவுக் குக்கிக்குள் கடலை விருந்தாளியாக வருகிறது. கார்வரின் பெருமை இதனால் குறைந்துவிடாது; பீனட் பட்டரைக் கண்டுபிடித்ததாக அவர் மேல் ஏற்றப்பட்ட புகழ் அவருக்குத் தேவையும் இல்லை. 1921 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் இறக்குமதி வரி குறித்துப் பேச அவருக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினார்கள். அவர் பெட்டியிலிருந்து ஒவ்வொரு பண்டமாக எடுத்து வைக்க வைக்க, நேரத்தை நீட்டிக்கொண்டே போனார்கள்.

எண்ணெய் மிதக்கும் சிக்கல்

அரைத்த கடலையை ஒரு வாரம் சும்மா வைத்துப் பாருங்கள்: மேலே எண்ணெய் மிதக்கும், அடியில் கட்டி இறுகும். எடையில் ஏறத்தாழ பாதி எண்ணெயாக உள்ள பொருளுக்கு இது இயற்கை. அன்றைய மளிகைக் கடையில் பீப்பாயிலிருந்து அள்ளிக் கொடுக்கும்போது மரத் துடுப்பால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணெய் சீக்கிரம் சிக்கடித்தும் போகும். கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜோசப் ரோஸ்ஃபீல்டு 1920களின் தொடக்கத்தில் ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெயைக் கொண்டு இதைச் சரிசெய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். எண்ணெய் பிரியாது, மாதக்கணக்கில் கெடாது. அந்த முறையில் 1928இல் பீட்டர் பேன் என்ற பெயரிலும், 1930களின் தொடக்கத்தில் அவருடைய சொந்தத் தயாரிப்பாக ஸ்கிப்பி என்ற பெயரிலும் ஜாடிகள் வந்தன.

இதன் விளைவு சமையல் குறிப்பில் தெரிந்தது என்று கருத இடமுண்டு. எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே பதத்தில் கிடைத்தால்தான், ‘ஒரு கப் பீனட் பட்டர்’ என்று துணிந்து எழுத முடியும். 1932 ஜூலை 1 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி கெசட் நாளிதழ் வெளியிட்ட குறிப்பில்தான், மாவை உருட்டித் தட்டில் வைத்து முள்கரண்டியால் இரு திசையிலும் அழுத்தும் முறையை நாம் முதலில் தெளிவாகப் பார்க்கிறோம். 1933இல் பில்ஸ்பரி மாவு நிறுவனத்தின் சமையல் நூல் அதையே நாடு முழுக்கக் கொண்டு சேர்த்தது.

ஏன் அழுத்த வேண்டும்? இரண்டு குறிப்பும் காரணம் சொல்லவில்லை; ஆனால் ஒரு முறை செய்து பார்த்தால் புரிந்துவிடும். வெண்ணெய் மாவு அடுப்புச் சூட்டில் உருகித் தானாகப் பரவும். பீனட் பட்டரில் நீர் அநேகமாக இல்லை. எண்ணெயைச் சுற்றிப் புரதத் துகள்கள் நெருங்கிக் கிடக்கும். நெல்லிக்காய் அளவு உருண்டையை அப்படியே வைத்தால் அது உருண்டையாகவே நிற்கும். வெளியே காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும். தட்டையாக்கினால் சூடு சமமாக ஏறும். முள்கரண்டியைச் சர்க்கரையில் தோய்த்து அழுத்தினால் ஒட்டாது. மேடுகள் மட்டும் பொன்னிறமாகும். அழகு அதில் கிடைத்த உபரி.

காலமும் ஒத்து வந்தது. 1933இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. இறைச்சிக்கு ஈடான புரதத்தை மலிவாகத் தந்த ஜாடி, இனிப்புக்கும் உதவியது. மாவே இல்லாமல், ஒரு கப் பீனட் பட்டர், ஒரு கப் சர்க்கரை, ஒரு முட்டை என்ற மூன்றே பொருளில் செய்யும் குக்கியும் வழக்கத்துக்கு வந்தது. கடலை விருந்தாளி நிலையிலிருந்து வீட்டுக்காரனாகிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். 1957இல் ஓஹாயோவின் ஃப்ரீடா ஸ்மித் பில்ஸ்பரி நிறுவனத்தின் சமையல் போட்டிக்கு அனுப்பிய குக்கியில் கட்டத்தின் இடத்தைக் கூம்புச் சாக்லேட் பிடித்தது. முதல் பரிசு கிடைக்காவிட்டாலும் அந்த வகை நிலைத்துவிட்டது.

தொண்ணூறு சதவீதம்

ஹைட்ரஜன் ஏற்றும் முறைக்கு இன்னொரு முகமும் இருந்தது. மலிவான வேறு எண்ணெயைக் கலந்து கடலையைக் குறைத்துக்கொண்டே போகலாம். 1959இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பீனட் பட்டர் என்று விற்றால் 95 சதவீதம் கடலை இருக்க வேண்டும் என்றது. தயாரிப்பாளர்கள் எதிர்த்தார்கள். 1965-66இல் நடந்த விசாரணையின் பதிவு ஏறத்தாழ 8,000 பக்கம். இல்லத்தரசிகள் கூட்டமைப்பைச் சேர்ந்த ரூத் டெஸ்மண்ட் என்ற பெண்மணி விடாமல் வந்து உட்கார்ந்து குறுக்குக் கேள்வி கேட்டார். பத்திரிகைகள் அவரைப் பீனட் பட்டர் பாட்டி என்றழைத்தன. கடைசியில் 1971இல் நடைமுறைக்கு வந்த அளவு 90 சதவீதம். ஒரு ஜாடிக்குள் என்ன இருக்கலாம் என்பதை முடிவு செய்யப் பன்னிரண்டு ஆண்டு.

பிந்தைய மாற்றம் பள்ளிகளிலிருந்து வந்தது. நிலக்கடலை ஒவ்வாமை பெருகியதால் பல பள்ளிகள் பீனட் பட்டரை வாசலுக்கு வெளியே நிறுத்தின. சிறு வயதில் கொடுக்காமல் தவிர்ப்பதே பாதுகாப்பு என்றும் முன்பு கருதப்பட்டது. 2015இல் கிடியன் லாக் குழுவினர் லண்டனில் 640 கைக்குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு அதைத் தலைகீழாக்கியது: ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்கும் முதல் ஆண்டிலேயே கடலை உணவைத் தொடங்கியபோது, ஐந்து வயதில் ஒவ்வாமை சுமார் 80 சதவீதம் குறைந்திருந்தது. 2017இல் அமெரிக்க வழிகாட்டுதலும் அதற்கேற்ப மாறியது. பள்ளித் தடைகள் பல இன்னும் தொடர்கின்றன. அங்கே சூரியகாந்தி விதையை அரைத்து அதே குக்கியைச் செய்கிறார்கள். அவ்விதையிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் சமையல் சோடாவோடு சேர்ந்து, ஆறிய குக்கியின் உட்புறத்தைப் பச்சையாக்கிவிடும். சோடாவைக் குறைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் நிறம் மாறாது.