கரிக்காக வெட்டிய கால்வாயும் ஒரு படகு அடுப்பும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசர வேலை இருப்பவர்கள் இரவு சாப்பிட்ட பிறகு படியுங்கள்.

நம் பள்ளியில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கம் வேலை பார்க்கிறான். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல், பழைய கால்வாய்ப் படகு ஒன்றை வாங்கி அதிலேயே குடியிருக்கிறான். ‘நேரோபோட்’ என்பார்கள். பெயருக்கேற்ற ஒடுக்கம், அகலம் 7 அடிகூட இல்லை. உள்ளே குளிருக்கு ஓர் இரும்பு அடுப்பு, அதன் புகைபோக்கி கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கும்.

ஒரு டிசம்பர் இரவு எனக்கு எழுதினான்: “டீச்சர், அடுப்புக்கு விறகு நல்லதா, கரி நல்லதா? இங்கே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.” விறகடுப்பில் வளர்ந்தவள் என்பதால் என்னைக் கேட்டிருக்கிறான். பேச்சோடு பேச்சாக, “ரெண்டு நாளாகக் காலையில் எழுந்தால் தலைவலி, குமட்டல். ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் சரியாகிவிடுகிறது” என்றான்.

எனக்குத் திக்கென்றது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கி, காலையில் எழாமலே போனவர்களைப் பற்றி நாம் செய்தித்தாளில் படித்திருக்கிறோம் அல்லவா? உடனே போன் போட்டேன். இரவில் அடுப்பின் காற்றுத் துவாரத்தை மூடுவாயா? “முழுசா மூடிடுவேன் டீச்சர், அப்பத்தான் காலை வரைக்கும் கரி நிக்கும்.” படகில் காற்று வரும் வழிகள்? குளிருக்குத் துணி அடைத்திருந்தான். விஷவாயு வந்தால் கத்தும் கருவி? அது ஒருநாள் ராத்திரி கத்தியதாம். தூக்கம் கெடுகிறதென்று பேட்டரியைக் கழற்றி வைத்திருக்கிறான். “முதலில் துணியைப் பிடுங்கு, கதவைத் திற, வெளியே போய் நில்” என்றேன். ஐந்தாம் வகுப்பில் அதட்டிய அதே குரலில்தான் சொன்னேன். கேட்டான். மறுநாள் ஆள் வந்து பார்த்ததில், புகைபோக்கி பாதி அடைத்திருந்தது. அடுப்புக் கதவைச் சுற்றிக் காற்றுப் புகாமல் இருக்க வைத்த கயிறும் நைந்து போயிருந்தது.

போதிய காற்று இல்லாமல் கனலும் எந்த எரிபொருளும் கார்பன் மோனாக்சைடைக் கக்கும், அது விறகானாலும் கரியானாலும். நிறமும் மணமும் இல்லாத வாயு அது. இரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும்.

அவன் பிழைத்துக்கொண்ட பிறகு, அந்தப் படகும் அடுப்பும் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க வியப்பாக இருந்தது. அந்தக் கால்வாய்களை வெட்டியதே கரிக்காகத்தான்.

மான்செஸ்டருக்குப் பக்கத்தில் வொர்ஸ்லி என்ற ஊரில் பிரிட்ஜ்வாட்டர் கோமகனுக்கு நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. குதிரை முதுகிலும் வண்டியிலும் கரியைக் கொண்டுபோனால் வழிச்செலவே விலையைத் தின்றுவிடும். ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற ஆலைத் தச்சர் துணையோடு ஒரு கால்வாய் வெட்டினார்கள். 1761இல் கரிப் படகு அதில் ஓடியது. ஓர் ஆற்றுக்கு மேலே கல்பாலம் கட்டி, பாலத்தின் மேல் கால்வாய்! ஊரே கூடி வேடிக்கை பார்த்திருக்கும். மான்செஸ்டரில் கரி விலை ஏறக்குறையப் பாதியானது. 1769 நவம்பரில், வெட்னஸ்பரி சுரங்கப் பக்கமிருந்து பர்மிங்காமுக்கும் கால்வாய் வழியாகக் கரி வந்தது. நம் பையன் படகு கட்டியிருப்பது அந்தக் கால்வாய்களின் வலைப்பின்னலில்தான்.

பிறகு ரயில் வந்தது, படகுக் கூலி விழுந்தது. கூலியாள் வைக்க முடியாத படகோட்டிகள் கரையிலிருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, மனைவி மக்களைப் படகிலேயே ஏற்றிக்கொண்டார்கள். சரக்குக்குப் போக மிச்சமிருந்த பின் அறை சுமார் 10 அடி நீளம், 7 அடிக்கும் குறைந்த அகலம். அதற்குள் ஒரு குடும்பம், மடக்குக் கட்டில், அலமாரி. கதவருகே இரும்பு அடுப்பு. சமையல், துணி உலர்த்தல், குளிர்காய்தல் எல்லாம் அதில்தான். என்ன எரிபொருள் என்று யோசிக்க வேண்டிய தேவையே இல்லை, சரக்கே நிலக்கரியாக இருக்கும்போது.

ஆசிரியை என்பதால் என் மனம் நின்ற இடம் வேறு. அந்தப் படகில் பிறந்த பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போவார்கள்? இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர். சிறு வயதிலேயே செங்கல் சூளையில் வேலை செய்து வளர்ந்த ஜார்ஜ் ஸ்மித் என்பவர் இதற்காகப் போராடினார். அவர் வாழ்ந்த ஊரின் பெயரே கோல்வில், கரியூர்! 1877இல் கால்வாய்ப் படகுச் சட்டம் வந்தது. படகைப் பதிவு செய்ய வேண்டும், இத்தனை பேர்தான் தங்கலாம், எந்த ஊரில் பதிவோ அந்த ஊர்ப் பிள்ளைகளாகக் கருதிப் படிக்க வைக்க வேண்டும் என்றது சட்டம். ஆனால் படகு அந்த ஊரில் நின்றால்தானே? பல பிள்ளைகள் எழுத்தறியாமலே வளர்ந்து, அவர்களும் படகோட்டிகளானார்கள். சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகும் பெற்றோரோடு பாதி வருடம் காணாமல் போகும் பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டை நானும் வைத்திருந்தவள்தான்.

1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாள் கரிப்புகை மூடியது. சுமார் 4000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். அதைவிட மிக அதிகம் என்றன பின்னாளைய ஆய்வுகள். 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்து, நகரங்களில் புகையில்லா எரிபொருள் பழக்கத்துக்கு வந்தது. 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து, படகு வணிகத்தின் முதுகை முறித்தன. லண்டன் பக்கம் ஒரு ஜாம் தொழிற்சாலைக்கு மட்டும் 1970 வரை படகில் கரி போனதாம்.

இப்போது அவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

விறகு சுலபமாகக் கிடைக்கும், கரையோரம் விழுந்த கிளைகூட உதவும். ஆனால் வெட்டி ஓரிரு வருடம் உலர வேண்டும். ஈர விறகு எரியாது, அழும். சூட்டில் ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும், புகைபோக்கியில் தார் படியும். நன்றாக உலர்ந்த விறகானாலும், ஒரு கிலோ புகையில்லாக் கரியின் சூட்டில் ஏறக்குறையப் பாதிதான் தரும். இடமே இல்லாத படகில் எதை எங்கே அடுக்குவது? ராத்திரி முழுக்கவும் நிற்காது.

ஆந்த்ரசைட் என்ற கடினமான நிலக்கரி தெற்கு வேல்ஸில் கிடைக்கும். புகை குறைவு, நெடுநேரம் கனலும். ஆனால் பற்றவைக்கப் பொறுமை வேண்டும். கரித்தூளை அழுத்திச் செய்யும் புகையில்லா உருண்டைகள்தான் படகுக்காரர்களிடம் அதிகம் புழங்குகின்றன. நம் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியிலிருந்து செய்த ‘லெகோ’ கரி பெரியவர்களுக்கு நினைவிருக்கும், ஏறக்குறைய அந்த ஜாதி.

ஒன்றைக் கவனியுங்கள். விறகு சாம்பல் மெத்தையின் மேல், மேற்காற்றில் நன்றாக எரியும். கரிக்குக் கம்பித் தட்டின் அடியிலிருந்து காற்று வேண்டும். சாம்பல் அடைத்தால் திணறும். கரியோடு ஈர விறகைச் சேர்த்து எரித்தால், கரியின் கந்தகமும் விறகின் ஈரமும் கூடி அமிலமாகிப் புகைபோக்கி இரும்பையே அரிக்கும்.

2021 மே 1 முதல் இங்கிலாந்தில் வீட்டு உபயோகத்துக்குச் சாதாரண நிலக்கரியை மூட்டையில் விற்க முடியாது. 2023 மே 1 முதல் சில்லறையாக அள்ளிக் கொடுப்பதும் நின்றது. சிறு அளவில் விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தயாரித்த கரி உருண்டையில் கந்தகம் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எந்தக் கரிக்காக மலையைக் குடைந்தும் ஆற்றைத் தாண்டியும் கால்வாய் வெட்டினார்களோ, அந்தக் கரியை அதே கால்வாயில் மிதக்கும் அடுப்புக்கு இன்று கடையில் வாங்க முடியாது. சட்டம் சரிதான் என்பது என் கருத்து. ஊதுகுழலோடு முப்பது வருடம் இருமிய என் அம்மாவைப் பார்த்தவள் நான். ஆனால் குளிருக்கு வேறு வழியில்லாத ஏழைக்கு விலையையும் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

அவனுக்கு நான் சொன்னது: பகலில் வீட்டில் இருக்கும்போது உலர்ந்த விறகு, இரவுக்குப் புகையில்லா உருண்டை. காற்றுத் துவாரத்தைக் குறைக்கலாம், முழுதாக மூடாதே. வருடம் தவறாமல் புகைபோக்கியைத் துடை. சாம்பல் வாளியைப் படகுக்குள் வைக்காதே, அணைந்த மாதிரி தெரியும் கங்கும் அதே விஷவாயுவைத்தான் விடும். பேட்டரியைத் தொட்டால் ஊருக்கே சொல்லிவிடுவேன். (சொல்லிவிட்டேன்!)

நேற்று ஒரு படம் அனுப்பினான். கரி மூட்டையும் டீசலும் விற்றுக்கொண்டு கால்வாயில் வரும் வியாபாரப் படகு பக்கத்தில் நிற்கிறது. அவன் கூரையில் நான்கு மூட்டை, ஓரமாக ஒரு தொட்டியில் கீரை. “டீச்சர், அடுப்புச் சாம்பலைக் கீரைக்குப் போடலாமா?” என்று கேட்டிருக்கிறான்.

விறகுச் சாம்பலைக் கொஞ்சமாகப் போடு. கரிச் சாம்பலைப் போடாதே தம்பி.