எந்தத் தாளுக்கு எந்தக் கதவு திறந்தது?

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டு முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் என் தங்கையின் பேத்தி போன் செய்தாள். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் சேர்ந்திருக்கிறாள். "தாத்தா, மேஜர் எக்கனாமிக்ஸ் போட்டுட்டேன். மைனர் ஒண்ணு எடுக்கச் சொல்றாங்க. அதோட சர்டிபிகேட் கோர்ஸும் இருக்காம். முதல் வருஷத்தோட நின்னாலும் ஒரு சர்டிபிகேட் தருவாங்களாம். இதுல எதுக்கு என்ன மதிப்பு?" என்று கேட்டாள்.

முப்பத்தாறு வருடம் வரலாறு நடத்தியவன், உடனே பதில் சொல்ல முடியாமல் திணறினேன். "ரெண்டு நாள் டைம் கொடும்மா" என்றேன். ஒரு காலத்தில் இப்படி யோசிக்காமல் பதில் சொல்லி ஒருவனைக் கஷ்டத்தில் மாட்டிவிட்டவன் நான். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நமக்குத் தெரிந்த வழியில், பழைய காலத்திலிருந்து வருவோம்.

சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1857இல். கல்கத்தாவும் பம்பாயும் அதே ஆண்டுதான். மூன்றும் லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் அமைந்தவை. அன்றைக்கு அந்தப் பல்கலைக்கழகம் பாடம் நடத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாடம் நடத்தியவை கல்லூரிகள். பல்கலைக்கழகம் தேர்வு வைத்தது, தாள் கொடுத்தது. ஆக நம் நாட்டில் நவீனப் பல்கலைக்கழகம் பிறந்ததே சான்று கொடுக்கும் அலுவலகமாகத்தான். படிப்பு வேறு, தாள் வேறு என்பது நேற்று வந்த நோய் இல்லை.

அதன் முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் இரண்டே பேர். கரோல் விசுவநாத பிள்ளை, சி.வை. தாமோதரம் பிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தார், வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள். அதிலும் விசுவநாத பிள்ளை ஆசிரியர், தாமோதரம் பிள்ளை மாணவர். வாத்தியாரும் பையனும் ஒன்றாகப் பரீட்சை எழுதிப் பட்டதாரி ஆனார்கள்!

அந்தக் காலத்து ஏணியையும் சொல்லிவிடுகிறேன். மெட்ரிகுலேஷன், அதன் மேல் இரண்டாண்டு எஃப்.ஏ., அதன் மேல் இரண்டாண்டு பி.ஏ. பின்னால் எஃப்.ஏ. போய் இன்டர்மீடியட் வந்தது. 1950களில் இன்டர்மீடியட் போய் பி.யூ.சி. வந்தது. 1978இல் பி.யூ.சி. போய் பிளஸ் டூ வந்தது. இன்றைக்கு "முதல் வருடத்தோடு நின்றால் சான்றிதழ், இரண்டாம் வருடத்தோடு நின்றால் டிப்ளமோ, மூன்று முடித்தால் பட்டம், நான்கு முடித்தால் ஹானர்ஸ்" என்று 2020 கல்விக் கொள்கை சொல்வதைப் பெரிய புதுமை போலப் பேசுகிறார்கள். (நம் மாநில அரசு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை, அது தனி விவாதம்.) பாதியில் இறங்க ஒரு படி வைப்பது பழைய யோசனைதான். எஃப்.ஏ.வோடு நின்றவர், இன்டரோடு நின்றவர் என்று நம் தாத்தா காலத்தில் எத்தனை பேர்! ஒவ்வொரு படியில் நின்றவருக்கும் ஏற்ற உத்தியோகம் ஏதாவது இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர் குமாஸ்தாவாகப் போனார். அதனால்தான் அந்தத் தாளுக்கு மதிப்பு. இன்றைக்கு ஓராண்டுச் சான்றிதழோடு இறங்குகிற பிள்ளையை எந்த நாற்காலியில் உட்கார வைக்கப் போகிறார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஹானர்ஸ் என்ற பெயரும் புதிதல்ல. பழைய பி.ஏ. ஹானர்ஸ் இன்டர்மீடியட்டுக்குப் பிறகு மூன்றாண்டுப் படிப்பு. அதை எம்.ஏ.வுக்குச் சமமாக எண்ணினார்கள். இன்றைய நான்காண்டு ஹானர்ஸ் எம்.ஏ. ஆகாது. பெயர் ஒன்றாக இருந்தால் மதிப்பும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

இனி எங்கள் கும்பகோணத்துக்கு வருகிறேன். காவிரிக் கரையில் இருக்கும் அரசுக் கல்லூரியில்தான் நான் 1971 முதல் 74 வரை பி.ஏ. படித்தேன். தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று அந்தக் கல்லூரியைச் சொல்வார்கள். அங்கே 1880இல் தமிழ் நடத்த வந்தார் உ.வே.சாமிநாதையர். தியாகராச செட்டியார் ஓய்வு பெறும்போது தம் இடத்துக்கு அவரைச் சிபாரிசு செய்தார். சாமிநாதையரிடம் பட்டம் கிடையாது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் என்பதே அவருடைய தகுதி. 1887இல் அவர் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். அதே 1887இல் கலித்தொகையை அச்சிட்டவர் யார் தெரியுமா? முதல் பட்டதாரி தாமோதரம் பிள்ளை. அவரும் சில காலம் கும்பகோணத்தில் வக்கீலாக இருந்தவர். ஊரும் ஒன்று, ஆண்டும் ஒன்று. ஒருவர் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரி, மற்றவர் பட்டமே இல்லாதவர். ஏட்டுச்சுவடியின் முன்னால் உட்கார்ந்தபோது இருவரும் சமம். சென்னைப் பல்கலைக்கழகம் 1932இல்தான் சாமிநாதையருக்கு டாக்டர் பட்டம் கொடுத்துத் தன் கணக்கைச் சரிசெய்துகொண்டது.

அதே கல்லூரியில் 1904இல் உதவித்தொகையோடு சேர்ந்தார் ராமானுஜன். கணக்கைத் தவிர மற்றதில் தவறி, உதவித்தொகை போனது. பிறகு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1916இல் கேம்பிரிட்ஜ் அவருடைய ஆராய்ச்சிக்காக பி.ஏ. பட்டம் கொடுத்தது. இங்கே எஃப்.ஏ. தேறாதவர் அங்கே பி.ஏ.!

இந்த இரண்டு பேரையும் காட்டி, "பட்டமெல்லாம் எதற்கு" என்று வாட்ஸப்பில் அனுப்புகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தியாகராச செட்டியார் சொல்லியிராவிட்டால் சாமிநாதையர் கல்லூரிக்குள் வந்திருக்க முடியாது. ஹார்டி கடிதத்தைப் பிரித்துப் படித்திராவிட்டால் ராமானுஜன் துறைமுகத்திலேயே இருந்திருப்பார். தாள் இல்லாதவருக்குத் தெரிந்த மனிதர் ஒருவர் வேண்டும். அப்படி யாரும் இல்லாத பிள்ளைக்குத் தாள்தான் அந்த மனிதர். என் வகுப்பில் உட்கார்ந்த பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சிபாரிசு செய்ய யாரும் இருந்ததில்லை.

அடுத்தது, பட்டத்துக்கு வெளியே இருந்த தேர்வுகள். 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கினார். பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று படிப்படியாகத் தேர்வு வைத்தார்கள். பல்கலைக்கழகமும் வித்துவான் தேர்வு நடத்தியது. எனக்குப் பள்ளியில் தமிழ் நடத்தியவர் புலவர் பட்டம் பெற்றவர். கம்பராமாயணத்தில் எந்த இடத்தைக் கேட்டாலும் புத்தகமில்லாமல் சொல்வார். ஆனால் பட்டதாரி ஆசிரியர் சம்பளம் வேறு, தமிழாசிரியர் சம்பளம் வேறு. அந்த வேறுபாடு நெடுங்காலம் இருந்தது. சம்பள நாளில் பதிவேட்டில் கையெழுத்துப் போட அவர் எப்போதும் கடைசியாகத்தான் போவார். ஏன் என்பது நானும் ஆசிரியரான பிறகுதான் புரிந்தது.

இப்போது மைனர். எங்கள் காலத்தில் அதற்கு 'ஆன்சிலரி' என்று பெயர், தமிழில் துணைப்பாடம். பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்றில் மேஜரும் ஆன்சிலரியும். எனக்கு வரலாறு மேஜர், பொருளாதாரம் ஆன்சிலரி. பிறகு அதையே 'அலைடு' என்றார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்: முப்பத்தாறு வருட வேலையில் என் ஆன்சிலரி என்ன என்று ஒரு அதிகாரியும் கேட்டதில்லை. வேலைக்கும் பதவி உயர்வுக்கும் மேஜரைத்தான் பார்த்தார்கள். இளங்கலை ஒரு பாடத்திலும் முதுகலை இன்னொரு பாடத்திலும் படித்து, 'கிராஸ் மேஜர்' என்று பதவி உயர்வில் தள்ளப்பட்ட ஆசிரியர்கள் இந்தப் பதிவைப் படிக்கிறவர்களிலேயே இருக்கிறீர்கள். ஆனால் வகுப்பறையில் அந்த ஆன்சிலரிதான் எனக்குக் கைகொடுத்தது. உப்புச் சத்தியாகிரகம் நடத்தும்போது உப்பு வரி என்றால் ஏழை வீட்டு அடுப்படியில் எவ்வளவு என்று என்னால் விளக்க முடிந்தது. துணைப்பாடம் கதவைத் திறக்காது. உள்ளே போன பிறகு வேலையை நன்றாகச் செய்ய வைக்கும்.

சான்றிதழ் பற்றிச் சொல்ல என் அக்காவே போதும். எஸ்.எஸ்.எல்.சி.யில் என்னைவிட அதிக மார்க். அப்பாவால் ஒருவரைத்தான் கல்லூரிக்கு அனுப்ப முடியும். அந்தக் காலத்து வழக்கப்படி அது நான். அக்கா மாதம் சில ரூபாய் கட்டி டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனாள். "ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்" என்று தூக்கத்தில்கூட விரல் ஆடும். லோயர், ஹையர் இரண்டும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பாஸ். பத்தொன்பது வயதில் அரசு வேலை. நான் பி.ஏ. முடித்துச் சும்மா திரிந்தபோது என் பி.எட். ஃபீஸைக் கட்டியது அந்த டைப்ரைட்டிங் சான்றிதழ்தான். இன்றும் குரூப் 4 அறிவிப்பில் தட்டச்சர் பதவிக்கு அந்தச் சான்றிதழைப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். கேட்கிற இடம் இருப்பதால் அது நிற்கிறது.

ஆனால் அக்காவுக்குப் பின்னால் பட்டத்தோடு வந்தவர்கள் அவளைத் தாண்டி மேலே போனார்கள். அவர்களுக்கான உத்தரவை டைப் அடித்ததும் அவள்தான். "என்ன தம்பி, உன் ஒரு பி.ஏ.வை எனக்குக் கடன் கொடுத்திருக்கலாம்ல?" என்று ஓய்வு பெற்ற அன்று சிரித்துக்கொண்டே கேட்டாள். நான் சிரிக்கவில்லை.

இனி, சொல்வதாகச் சொன்ன கதை. சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்.

1985இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். அப்பா தவறியதும் படிப்பை விட்டு லாரி ஷெட்டுக்குப் போனான். பிறகு ஓர் அலுவலகத்தில் கடைநிலை வேலை கிடைத்தது. முப்பது வயதுக்கு மேல் ஒருநாள் வீட்டுக்கு வந்து, "சார், பிளஸ் டூ இல்லாம, பி.ஏ. இல்லாம நேரா எம்.ஏ. எழுதலாமாம். திறந்தவெளியில சேரட்டுமா?" என்று கேட்டான். நான் விவரக்குறிப்பைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. "எம்.ஏ.ன்னா எம்.ஏ.தாண்டா, சேரு" என்றேன். ராத்திரி ராத்திரியாகப் படித்துப் பாஸ் செய்து எனக்கு ஸ்வீட் கொண்டுவந்தான்.

2009இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. முதல் பட்டம் இல்லாமல் திறந்தவெளி வழியில் நேராக வாங்கிய முதுகலைப் பட்டம் செல்லாது என்றது. பதவி உயர்வுப் பட்டியலில் இருந்த அவன் பெயரை எடுத்துவிட்டார்கள். அன்று மாலை வந்து என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தான். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "படிச்சது படிச்சதுதானே சார், அதை எப்படி செல்லாதுங்கறாங்க?" என்று மட்டும் கேட்டான். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அவன் நாற்பது வயதில் தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதினான். அவன் மகளும் அந்த வருடம்தான் பத்தாவது எழுதினாள். பிறகு மூன்றாண்டு பி.ஏ. அந்தப் பாடங்களுக்கு நானும் வாரம் இரண்டு நாள் உட்கார்ந்தேன். அது உதவி இல்லை, என் கடன். பதவி உயர்வு வந்தது, கூட வேலை பார்த்தவர்களுக்குப் பல வருடம் பின்னால்.

ஆகவே பேத்திக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "மேஜரை மூணு வருஷமும் விடாம முடி, நாளைக்கு யாரும் முதல்ல கேக்கறது அதைத்தான். மைனர்ல உனக்குப் பிடிச்சதை எடு, அது உன் வேலைக்கு ருசி சேர்க்கும். சர்டிபிகேட்டுக்குப் பணம் கட்டறதுக்கு முன்னாடி, எந்த வேலை விளம்பரத்துலயாவது அதோட பேரு இருக்கான்னு பாரு. முதல் வருஷத்துல இறங்கற படியை, வீடு இடிஞ்சு விழுந்தா மட்டும் பாரு. எதுல கையெழுத்துப் போட்டாலும் விதிமுறையைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படி. புரியலைன்னா எனக்கு அனுப்பு. இந்தத் தடவை நான் படிச்சுட்டுத்தான் சொல்லுவேன்."

"சரி தாத்தா" என்றாள். நேற்று நாற்பத்திரண்டு பக்க விதிமுறையை அனுப்பிவிட்டாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பதினேழாம் பக்கம் வரை வந்தாயிற்று.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இப்படிப் படிவத்தை வைத்துக்கொண்டு முழித்தால் கூப்பிடுங்கள். அலுவலகங்களில் இருக்கும் என் பழைய மாணவர்கள், எந்தச் சான்றிதழை உங்கள் இடத்தில் ஏற்கிறார்கள், எதைத் தள்ளுகிறார்கள் என்று கீழே எழுதுங்கள். அது நாலு பிள்ளைக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் வரலாறு வாத்தியார்